ராபின்சன் அருவியும் நம்ம வீட்டு விளக்கும்

கேமரன் மலையில் பெய்யும் மழை எந்தக் கடலுக்குப் போக வேண்டும்? மலையையே கேட்டால் கிழக்கே கை காட்டும். பெர்தாம் ஆறு தெலோமில் சேரும். தெலோம் ஜெலாயில் சேரும். ஜெலாய் போய்ப் பகாங் ஆறாக மாறி, பெக்கான் பக்கம் தென்சீனக் கடலில் கலக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக அதுதான் வழி.

1963-லிருந்து வழி மாறிவிட்டது. தெலோம் ஆற்றின் தண்ணீரைச் சுரங்கம் வெட்டிப் பெர்தாம் பக்கம் திருப்பினார்கள். இரண்டு ஆற்றுத் தண்ணீரையும் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை பிடித்து நிறுத்துகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த இன்னொரு சுரங்கம். அதில் இறங்கும் தண்ணீர், ஜோரில் பூமிக்கடியில் இருக்கிற சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கீழே வோ மின்நிலையத்திலும் ஒருமுறை வேலை செய்துவிட்டு, பேராக் மாநிலத்தில் பாத்தாங் பாடாங் ஆற்றோடு வெளியே போகிறது. அதாவது மேற்கே, மலாக்கா நீரிணைக்கு. பகாங் மாநிலத்து மழை பேராக் மாநிலத்துக் கடலுக்குப் போகிறது.

இதை முகாமில் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அப்போ ஆத்துக்கு அட்ரஸ மாத்திட்டாங்களாண்ணே?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்விதான். ஆற்றின் முகவரியை மாற்ற நமக்கு யார் உரிமை கொடுத்தது? மாற்றியதால் கிடைத்ததை அனுபவிக்கிற நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? இந்த இரண்டு கேள்வியையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் நம் இளைஞர்கள் முப்பது பேர் கேமரன் மலைக்குப் போனோம். கோயில், தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி எல்லாம் வழக்கம் போல. அதோடு தானா ராத்தாவிலிருந்து ராபின்சன் அருவிக்கும் நடந்தோம். மார்டி ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமாகப் பாதை போகிறது. அதிக தூரம் இல்லை. அருவியும் பெரியதில்லை. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இவ்வளவுதானா என்று இரண்டு பேர் அப்போதே போனை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு மழை இல்லாத நாள். பாறை அகலமாக இருந்தது, தண்ணீர் ஒல்லியாக இருந்தது. பாறையின் அகலத்தைப் பார்த்தாலே, ஒரு காலத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். கருத்து வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும் இடமெல்லாம் தண்ணீர் ஓடிய இடம். இப்போது அதில் பாதிக்கு மேல் பாசி. விழுகிற தண்ணீரும் தெளிவாக இல்லை, தேத்தண்ணி நிறம். பாறை இடுக்கில் ஒரு மினரல் வாட்டர் போத்தல் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் ஒரு பகுதியை மேலேயே மறித்துக் குழாயில் இறக்கி, கீழே ஒரு சின்ன மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ராபின்சன் ஃபால்ஸ் மின்நிலையம் என்றுதான் அதற்குப் பெயர். அருவியின் பெயர் மின்நிலையத்துக்குப் போனது, தண்ணீரும் கூடவே போனது.

அந்த நிலையத்தின் மொத்தத் திறன் 0.9 மெகாவாட். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 2 கிலோவாட் மின்சாரக் கெட்டில் 450-ஐ ஒரே நேரத்தில் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். ஜோர் நிலையம் 100 மெகாவாட், வோ நிலையம் 150. ராபின்சன் அந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி.

இங்கே கொஞ்சம் அறிவியல் பேச வேண்டும், ஏனென்றால் அறக்கேள்வி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. நீர்மின்சாரத்துக்கு இரண்டே பொருள்தான் தேவை. ஒன்று தண்ணீர், இன்னொன்று உயரம். உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒரு பலம் இருக்கிறது. அருவியில் அந்தப் பலம் சத்தமாக, சாரலாக, காற்றாக, பாறைத் தேய்மானமாகச் செலவாகிறது. குழாயில் விட்டால் அதே பலம் சுழலியைச் சுற்றுகிறது. ஆக, அருவியும் மின்நிலையமும் ஒரே சொத்துக்கு உரிமை கேட்கும் இரண்டு பங்காளிகள். தண்ணீரைக்கூடத் திருப்பித் தந்துவிடலாம், கீழே ஆற்றிலேயே மறுபடி விட்டுவிடலாம். இறங்கிய உயரத்தைத் திருப்பித் தர முடியாது. ஒரு சொட்டு ஒரு உயரத்திலிருந்து ஒருமுறைதான் விழும். அது அருவியில் விழ வேண்டும், இல்லையென்றால் குழாயில் விழ வேண்டும்.

இதனால்தான் எங்களோடு வந்த பொறியியல் மாணவன் சொன்ன சமாதானம் எனக்குப் பாதிதான் சரியாகப்பட்டது. "தண்ணி எங்கயும் போயிடலண்ணே. கீழ திரும்ப ஆத்துல வந்துடுது. புகை இல்ல, சாம்பல் இல்ல. இதுக்கு மேல சுத்தமா யாரு கரண்ட் எடுக்க முடியும்?" என்றான். ராபின்சனைப் பொறுத்தவரை அவன் சொன்னது உண்மை. ஆனால் இடையில் உள்ள அந்தப் பாறைக்குத் தண்ணீர் திரும்ப வரவில்லை. அதன் கீழே இருந்த குளத்துக்கும், சாரலை நம்பி வளர்ந்த பாசிக்கும் செடிக்கும் வரவில்லை.

ஐந்தாம் படிவம் படிக்கிற ஒரு தங்கச்சி அவனிடம் திருப்பிக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "நாம தண்ணியச் சாமின்னு கும்பிடுறோம்ல? அப்ப எடுக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் கேட்டாங்களா?"

கேட்கவில்லை. அதற்கு அப்போது சட்டமே கிடையாது. இந்தத் திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தது 1958-இல். நம் நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் என்றானது 1988-இல். சுதந்திரம் வாங்கிய மறுவருடம் நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும், தொழிற்சாலை வேண்டும் என்று இருந்த காலம் அது. ஈயமும் ரப்பரும் மட்டும் போதாது என்று நினைத்த காலம். அந்த அவசரத்தை இன்றைக்கு உட்கார்ந்து கேலி செய்வது சுலபம், நான் செய்ய மாட்டேன்.

ஏன் செய்ய மாட்டேன் என்றால், அன்று மாலை ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அருவியைப் பற்றிக் கேட்டோம். சின்ன வயசில் அதன் சத்தம் தூரத்திலேயே கேட்கும் என்றார். இப்ப குறைஞ்சதுல வருத்தமா தாத்தா என்று ஒருவன் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வருத்தம்னு சொன்னா பொய்யா போயிடும் தம்பி. லயத்துல மண்ணெண்ணெ விளக்குதான். எங்க அக்கா அந்தப் புகையிலதான் படிச்சுச்சு, ஆறாம் வகுப்போட நின்னுடுச்சு. எம்மக கரண்டு லைட்டுல படிச்சா, டீச்சரானா. சத்தம் போச்சுன்னு நான் அழணுமா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணுதான் மனசுல இருக்கு. கம்பி எங்க தலைக்கு மேலதான் போச்சு. வெளிச்சம் முதல்ல டவுனுக்குப் போச்சு. எங்களுக்கு வர்றதுக்கு ரொம்ப வருசம் ஆச்சு."

இயற்கையைக் காப்போம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் இந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அக்காவின் படிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அருவியின் அழகைப் பேசினால் அது அறம் ஆகாது. அதே சமயம் அவர் கடைசியில் சொன்னதும் இருக்கிறதே, அதை அணை கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும். மலையிலிருந்து எடுத்தது மலையில் இருந்தவனுக்குக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது.

சரி, நம் சமயம் இதில் என்ன சொல்கிறது? "நம் முன்னோர்கள் இயற்கையை வழிபட்டார்கள், அதனால் நாம் இயற்கையைத் தொடக்கூடாது" என்று மேடையில் பேசிவிடலாம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் நம் புராணங்கள் அவ்வளவு எளிதாக இல்லை. ஆற்றை மறித்த கதையும் திருப்பிய கதையும் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.

பகீரதன் கதை எல்லாருக்கும் தெரியும். வானத்துக் கங்கையை மண்ணுக்குக் கொண்டுவந்தவன். அவள் விழுந்தால் பூமி தாங்காது, ஆகவே சிவபெருமான் சடையில் தாங்கி, அளவாக வெளியே விட்டார். யோசித்துப் பாருங்கள், தேக்கி வைத்து அளவாக விடுவதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? அணை என்றுதானே! அதோடு கதை முடியவில்லை. கங்கை போகிற வழியில் ஜஹ்னு முனிவரின் வேள்விச் சாலையை மூழ்கடித்தாள். அவர் கோபத்தில் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டார். பிறகு தேவர்கள் கெஞ்சியதால் காது வழியாக விட்டார். அதனால்தான் அவளுக்கு ஜாஹ்னவி என்று பெயர். ஆற்றைத் திருப்பினால் வழியில் யாருடைய வீடாவது மூழ்கும் என்பது புராணம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மூழ்கியவரின் கோபத்தையும் அவர் மறைக்கவில்லை.

காவிரிக்கதை இதற்கு நேர்மாறு. அகத்தியர் கமண்டலத்தில் அடைபட்டிருந்தவள் காவிரி. பிள்ளையார் காக்கையாக வந்து தட்டிவிட்டார், ஆறு ஓடியது. மகா ஞானியின் கையிலேயே இருந்தாலும், அடைத்து வைத்த தண்ணீர் ஊருக்குப் பயன்படவில்லை.

மூன்றாவது கதை பாகவதத்தில் வருகிறது, அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பலராமர் மது மயக்கத்தில், தாம் விளையாட வேண்டும் என்று யமுனையைத் தம்மிடம் வரச் சொன்னார். அவள் வரவில்லை. கலப்பையை மாட்டி இழுத்தார். யமுனை நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பலராமரைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் பாகவதமே இந்தக் காட்சியை மூடி மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை.

பகீரதனும் ஆற்றைத் தன் விருப்பத்துக்குக் கொண்டுவந்தான், பலராமரும் கொண்டுவந்தார். வித்தியாசம் எங்கே? பகீரதன் தனக்காகக் கேட்கவில்லை, சாம்பலாகிக் கிடந்த முன்னோர்களுக்காகக் கேட்டான். அதற்கான விலையையும், நீண்ட காலத் தவத்தை, தானே கொடுத்தான். இன்னொரு கதையில் கேட்டவரின் விளையாட்டுக்காக ஆறு விலை கொடுத்தது. ஆகவே ஆற்றைத் தொடலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் நம் மரபிலிருந்து பதில் வராது. யாருக்காகத் தொடுகிறாய், விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்டால் வரும்.

இதை வைத்து ராபின்சன் தண்ணீரைப் பாருங்கள். குழாயில் இறங்கிய அதே தண்ணீர், பெரியவரின் மகள் படித்த விளக்கிலும் இருக்கிறது, நடுராத்திரியில் ஆளே இல்லாத கடைவீதியில் எரிகிற விளம்பரப் பலகையிலும் இருக்கிறது. மின்கம்பிக்குள் போன பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. அருவியை இழந்தது நியாயமா இல்லையா என்பது அன்றைக்கே ஒரே நாளில் தீர்ந்த விஷயம் இல்லை. அந்த மின்சாரத்தை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில் தினமும் கொஞ்சம் நியாயமாகிறது, கொஞ்சம் அநியாயமாகிறது.

தமிழில் 'அணை' என்கிற சொல்லே வேடிக்கையானது. ஆற்றுக்குக் குறுக்கே கட்டுவதும் அணை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வதும் அணைப்பது. விளக்கை நிறுத்துவதும் அணைப்பது. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது பிடித்திருக்கிறது.

ஆனால், "அப்படியென்றால் எல்லாரும் விளக்கை அணைப்போம், அருவி திரும்பிவிடும்" என்று நான் சொல்லப் போவதில்லை. அது உண்மையில்லை. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. நாம் ஒரு விளக்கை அணைத்தால் மஞ்சோங்கில் கொஞ்சம் நிலக்கரி மிச்சமாகலாம், ராபின்சனில் ஒரு சொட்டுகூட அதிகமாக விழாது. அதே போல் கேமரன் மலை நிலையங்களை நாளைக்கே மூடினால், அந்த மின்சாரத்துக்கு இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரிக்க வேண்டியிருக்கும். நிலக்கரி கப்பலில் வருகிறது. தோண்டிய இடத்திலும் ஒரு மலை இருந்திருக்கும், ஒரு ஓடை இருந்திருக்கும். நம் அருவியைக் காப்பாற்றினோம் என்று இங்கே பொங்கல் வைக்க, வேறு யாரோ ஒருவருடைய அருவி போயிருக்கும். முழுக்கச் சுத்தமான கை யாரிடமும் இல்லை. தர்மம் சூட்சுமமானது என்று மகாபாரதத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

கை சுத்தமில்லை என்றால் எல்லாக் கையும் ஒன்றா? இல்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் வேள்விச் சக்கரம் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். மழை, உணவு, உயிர், வேள்வி என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகிற சக்கரம் அது. கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்காமல் அனுபவிக்கிறவனைக் கண்ணன் கடுமையான சொல்லால், திருடன் என்றே, சொல்கிறார். கவனியுங்கள், அனுபவிப்பதை அவர் தவறு என்று சொல்லவில்லை. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பைத்தான் வைத்தார். மழையைக் கடவுளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அவர்.

திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன? அருவிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, வாழையிலையையும் பிளாஸ்டிக் பையையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதா? பத்துமலையில் தைப்பூசம் முடிந்த மறுநாள் சுங்கை பத்து கரையைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். கும்பம் வைக்கும்போது குழாய்த் தண்ணீரில் கங்கையையும் யமுனையையும் காவிரியையும் அழைக்கிறோம். அழகான வழக்கம், எந்த ஊர்த் தண்ணீரையும் புனிதமாக்கிவிடுகிற வழக்கம். ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கங்கையின் பெயர் தெரிகிறது, நாம் குடிக்கிற ஆற்றின் பெயர் தெரியவில்லை. கடன் கொடுத்தவன் பெயரே தெரியாமல் கடனை எப்படித் திருப்பித் தருவது?

திருப்பிக் கொடுப்பதற்கு நடைமுறையில் வழிகள் இருக்கின்றன. அணையில் பிடித்த தண்ணீரில் ஒரு பங்கை மின்சாரத்துக்கு எடுக்காமல் ஆற்றுக்கே விடுவது உலகில் பல இடங்களில் உள்ள வழக்கம். அத்தனையும் எடுத்துக்கொள்ளாமல் ஆறு ஆறாக இருக்கக் கொஞ்சம் விடுவது. இலங்கையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது, தலவாக்கலைப் பக்கத்தில் உள்ள செயின்ட் கிளேயர் அருவி செத்துவிடும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு பகல் நேரத்தில் அருவிக்குக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் விடுவது என்று முடிவானது. அருவி பழைய அருவி இல்லை. ஆனால் யாரோ வாயைத் திறந்ததால்தான் அந்தப் பங்காவது கிடைத்தது. அதுவும் நம் தமிழ் மக்கள் தேயிலை பறிக்கிற மலைதான்.

இன்னொரு வழி, மேலே உள்ள மண்ணைக் காப்பது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் கசக்கும். கேமரன் மலையில் காட்டை அழித்துச் செங்குத்தான சரிவில் காய்கறி போடுகிறார்கள். மழையில் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. ராபின்சனில் நாங்கள் பார்த்த தேத்தண்ணி நிறம் இந்த மாதிரி மண்ணால்தான் வருகிறது. அந்த மண் போய் ரிங்லெட் ஏரியில் படிகிறது. கட்டியபோது ஏரியின் கொள்ளளவு ஏறக்குறைய 63 லட்சம் கன மீட்டர். அதில் பெரும் பங்கை வண்டல் பிடித்துக்கொண்டது. வருடா வருடம் தூர் வாருகிறார்கள், தீரவில்லை. ஏரியில் இடம் குறைந்தால் என்ன ஆகும்? பெருமழை வந்தால் சீக்கிரமே நிரம்பும், அணையைக் காப்பாற்ற மதகைத் திறந்தாக வேண்டும்.

2013 அக்டோபர் 23-ஆம் தேதி, விடிவதற்கு வெகு நேரம் முன்னால், அப்படித் திறந்த தண்ணீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகள், வண்டிகள், தோட்டங்கள் போயின. தூங்கிக்கொண்டிருந்த மக்கள். ஆற்றங்கரையை ஒட்டி வீடு கட்டியது யார் தவறு, எச்சரிக்கை போதுமா என்றெல்லாம் பிறகு நிறையப் பேசினார்கள். நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தண்ணீரின் பின்னால் அணை மட்டும் இல்லை. சரிவை வெட்டியவர் இருக்கிறார், வெட்டியதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தவர் இருக்கிறார், பாசார் மாலாமில் கேமரன் கோஸ் எங்கே மலிவு என்று தேடி வாங்கிய நாமும் வரிசையின் கடைசியில் இருக்கிறோம். விலை குறைவாகத்தான் இருந்தது. மிச்சத்தைப் பெர்தாமில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஜஹ்னு முனிவருக்குக் குடித்துத் தீர்க்கிற சக்தி இருந்தது. பெர்தாம் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு அது இல்லை. அந்த ஆற்றங்கரைகளில் நமக்கு முன்பே, பிரிட்டிஷாருக்கும் முன்பே வாழ்ந்த செமாய் பூர்வகுடி மக்களுக்கும் இல்லை. சரவாக்கில் பாக்குன் அணைக்காக ஏறக்குறைய 10,000 பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்து சுங்கை ஆசாப்புக்குப் போனார்கள். அந்த ஏரி கிட்டத்தட்டச் சிங்கப்பூர் அளவு. நம்மில் பலருக்கும் தோட்டத்தைவிட்டுப் பெயர்ந்த கதை வீட்டில் இருக்கிறது. லயம் இடிபட்டது, கோயிலை நகர்த்தச் சொன்னார்கள், பழைய சுடுகாட்டின் மேல் வீடமைப்புத் திட்டம் வந்தது. முன்னேற்றம் என்கிற சொல்லுக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று நம் வீட்டுத் தாத்தா பாட்டியைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? அதனால்தான் இன்னொருவர் ஊர் மூழ்கும்போது, அது நம் பிரச்சினை இல்லை என்று நாம் சொன்னால் எனக்குக் கேட்க முடியவில்லை.

இன்றைக்கு நிலைமை 1958 இல்லை. பெரிய அணைத் திட்டம் வந்தால் அதன் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், கருத்துச் சொல்ல நாள் கொடுக்கிறார்கள். நம் இயக்கத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், சட்டம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மலாய் ஆங்கிலம் இரண்டிலும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் உட்கார்ந்து படித்தால் ஒரு வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதிவிடலாம். ஆற்றுக்கு எவ்வளவு விடப் போகிறீர்கள், யார் பெயர்கிறார்கள், அவர்களுக்கு மின்சாரம் எப்போது வரும் என்று மூன்றே கேள்வி. கம்பி தலைக்கு மேலே போனதைப் பார்த்துக்கொண்டே விளக்குக்குக் காத்திருந்த பெரியவரின் கேள்விதான் அதில் மூன்றாவது. திட்டம் நிற்குமா என்றால் நிற்காமல் போகலாம். அந்தத் தங்கச்சி கேட்டதற்கு மட்டும், ஆமா, இந்த முறை கேட்டோம் என்று சொல்லலாம்.

ராபின்சனுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்தக் குழாய்க்கு ஓர் அளவு உண்டு. மலையில் நல்ல மழை பெய்தால் குழாய் வாங்கிக்கொள்ள முடியாத தண்ணீர் பழைய வழியிலேயே, பாறையின் முழு அகலத்துக்கும், விழும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மழை நேரத்தில் பாதை ரொம்ப வழுக்கும், தண்ணீர் சட்டென்று ஏறும். தள்ளி நின்று பாருங்கள், கீழே இறங்காதீர்கள். கையில் ஒரு சாக்கு இருந்தால் நல்லது. அந்தப் போத்தல் இன்னும் அங்கேதான் இருக்கும், அதோடு இன்னும் பத்து இருபது சேர்ந்திருக்கும்.